பரிசல் பவுனுவின் விடுபட்ட ஆண்டுகள்

1964-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை காலை, கிழக்குத் தாம்பரத்தில் ஞானஜோதி தெருக்குழாயடியில் நிரம்பிய குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அடுத்த நொடி, பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக் கரும்பலகைக்கு முன்னால் கையில் சாக்பீஸோடு நின்றாள். நடுவில் இருந்திருக்க வேண்டிய காலைப்பொழுது அவளுக்கு வரவில்லை. புடவையில் குடம் உட்கார்ந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது. அவள் பல்பு அணைவது போல அணைந்து போனாள் என்றும், குடம் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் தரையில் நின்றது என்றும், அதை யார் வீட்டில் கொண்டுபோய் வைப்பது என்று கொஞ்சம் பேச்சு வளர்ந்தது என்றும் குழாயடிப் பெண்கள் பிற்பாடு சொன்னார்கள். ஞானஜோதி அன்று பள்ளிக்குத் தாமதமாகவும் வரவில்லை, சீக்கிரமாகவும் வரவில்லை. அதனால் தலைமையாசிரியை அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

ஞானஜோதி டிராயிங் டீச்சர். அவள் கணவன் எட்மண்ட் கிண்டியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் குமாஸ்தா. வெயில் காலத்திலும் குடையில்லாமல் வெளியே கிளம்பாத மனிதன். கல்யாணமாகி வந்த புதிதில், மேற்குத் தாம்பரம் பழைய பேப்பர் கடையில், விமானப்படைக் குடும்பங்கள் எடைக்குப் போட்டுவிட்டுப் போன வெளிநாட்டுப் படக்கதைப் புத்தகங்கள் சாக்குச் சாக்காகக் கிடப்பதை அவள் பார்த்தாள். வேர்க்கடலை மடிக்கப் போகவிருந்த அவற்றை வீட்டுக்கு வாங்கி வந்து, தையலைப் பிரித்து, பக்கம் பக்கமாகத் தரையில் பரப்பி, சமையல் முடிந்த பிறகு அவற்றின் நடுவே உட்கார்ந்திருப்பாள். முகம் எங்கே பெரிதாகிறது, எங்கே சிறிதாகிறது, பேச்சு அடைக்கிற குமிழியின் வால் யார் வாயைப் பார்த்துத் திரும்புகிறது என்றெல்லாம் அவளாகவே கண்டுபிடித்தாள். பிறகு தானும் ஒரு கதை போட ஆரம்பித்தாள். அனகாபுத்தூரில் அடையாறு பெருகும்போது பரிசல் தள்ளி ஆட்களை அக்கரை சேர்க்கும் பவுனு என்ற பெண்ணைப் பற்றியது அது. பவுனுவுக்குக் கணவன் இல்லை, பயம் இல்லை, கள்ளச்சாராயம் கடத்துகிறவர்கள்மீது இரக்கமும் இல்லை.

முதல் கதையைத் தூக்கிக்கொண்டு கடப்பேரியில் காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மெஷின் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த வேதாசலத்திடம் போனாள். அவனுக்கும் அவள் வயதுதான் இருக்கும். பெரிய அட்டையில் வரைந்ததை பிளாக் செய்கிறவர்கள் சுருக்கித் துத்தநாகத் தகட்டில் எடுத்துத் தருவார்கள் என்பதும், மெல்லிய கோடுகள் சுருங்கும்போது செத்துப்போகும் என்பதும் அங்கேதான் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வேதாசலத்தின் கவலை கோடு பற்றியது அல்ல, காகிதம் பற்றியது. அந்தக் காலத்தில் காகிதம் கோட்டாவில்தான் கிடைத்தது. அவன் கையிலிருந்ததில் பதினாறு பக்கத்துக்கு மேல் ஒரு பக்கம்கூடத் தேறாது. ஞானஜோதி கொண்டுவந்த கதையிலோ பவுனு எழுந்து, முகம் கழுவி, கதவைச் சாத்தி, ஆற்றங்கரைக்கு நடந்து, கயிற்றை அவிழ்ப்பதற்குள்ளாகவே பதினாறு பக்கம் ஆகிவிட்டிருந்தது.

"இந்தப் பொண்ணு தண்ணில கால வைக்கறதுக்குள்ள என் பேப்பர் தீந்துடும் மேடம்" என்றான் வேதாசலம்.

அவள் வீட்டுக்கு வந்து, கத்தரிக்கோலை எடுத்து, வரைந்த கட்டங்களைத் தனித்தனியாக வெட்டினாள். முகம் கழுவுவதை எடுத்து அப்பால் வைத்தாள். கதை தடுக்கி விழவில்லை. நடப்பதை எடுத்தாள், அப்போதும் விழவில்லை. துணிந்து, ஆற்றையே எடுத்தாள். ஒரு கட்டத்தில் பவுனு கயிற்றை அவிழ்க்கிறாள். அடுத்த கட்டத்தில் அக்கரையில் நின்று ஒருவன் சட்டையைப் பிடித்திருக்கிறாள். நடுவில் வெறும் வெள்ளைக் கோடு. அந்த வெள்ளைக்குள் ஆறு சுழித்துக்கொண்டு ஓடுவது ஞானஜோதிக்குக் காதில் கேட்டது. அவள் புதிதாக ஓர் அட்டையை எடுத்து அந்தப் பக்கத்தை அப்படியே வரைந்து முடித்தாள். மறுநாள் காலைதான் குழாயடியில் அணைந்து போனாள்.

இரண்டுக்கும் தொடர்பு இருப்பது மூன்றாவது நான்காவது தடவைக்குப் பிறகு அவளுக்குப் புரிந்தது. கதையில் எவ்வளவு நேரத்தைத் தாண்டி வரைகிறாளோ, அநேகமாக அவ்வளவு நேரம் மறுநாள் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. முதலில் அது சௌகரியமாகத்தான் இருந்தது. ரேஷன் கடை வரிசை, ரயிலுக்குக் காத்திருப்பது, எட்மண்டின் அத்தை வந்தால் பேசிக்கொண்டிருப்பது எல்லாம் அவளைத் தொடாமல் போயின. தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகர் மட்டும், கேட் வழியாக உள்ளே வராத ஒரு பெண் தினமும் பிளாட்பாரத்தில் எப்படி நிற்கிறாள் என்று கொஞ்சநாள் சந்தேகப்பட்டுவிட்டு, அவளிடம் சீசன் டிக்கெட் இருந்ததால் விட்டுவிட்டார். எட்மண்ட் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து டானிக் எழுதிக் கொடுத்தார். சபை ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினார். ஜெபத்தின் நடுவிலேயே அவள் போய்விட்டதால் ஆமென் சொல்லும்போது அவர் குரல் சற்றே இறங்கியது.

புத்தகம் விற்றது. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் கயிறு கட்டி, கிளிப் மாட்டிப் பத்திரிகைகளைத் தொங்கவிட்டிருந்த தசரதன், முதலில் வேண்டா வெறுப்பாகத்தான் 'பரிசல் பவுனு'வைக் கீழ் வரிசையில் மாட்டினான். மூன்றாம் இதழுக்கு அதை மேலே ஏற்றினான்.

"யக்கா, நம்ம புக்கு சும்மா பிச்சிக்கினு போவுது" என்றான். "தாம்பரத்துல ஏறுனா பல்லாவரம் வர்றதுக்குள்ள முடிச்சிட்றானுங்கோ. அப்பாலிக்கா அடுத்தது எப்போன்னு கேட்டு என் உசுர எடுக்கறானுங்கோ. இன்னும் ஸ்பீடா போடுக்கா!"

அவள் இன்னும் வேகமாகப் போட்டாள். ஒரு மணி நேரம் தாண்டிய கை ஒரு பகல் தாண்டக் கற்றது. பிறகு ஒரு வாரம். பிற்காலத்தில் படக்கதை வரைய வந்த பிள்ளைகள் அந்தப் பக்கங்களைப் பார்த்து, இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். துணிச்சல் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பக்கமும் முடிந்தவுடன் எத்தனை நாள் போகுமோ என்று விரல் விட்டு எண்ணுவாள். போய்விட்டுத் திரும்பி வந்ததும் முதலில் சுவரில் தொங்கும் தேதித்தாளைப் பார்ப்பாள். பிறகு பால் திரிந்திருக்கிறதா, பூச்செடி வாடியிருக்கிறதா, எட்மண்ட் முகத்தில் எத்தனை நாள் தாடி என்று பார்ப்பாள். அவள் விரல் மையோ அப்போதுதான் தொட்டது போல ஈரமாக இருக்கும். 1966-ல் மகள் மெட்டில்டா பிறந்தபோது, பிரசவத்தைத் தவறவிட்டுவிடக் கூடாதென்று பல மாதம் பேனாவையே தொடாமல் இருந்தாள். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்த சமயத்தில்தான் அந்தத் தவறு நடந்தது.

1967-ஆம் ஆண்டு தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், ஆண்டு மலருக்காக ஒரு பெரிய கதையைச் சுருக்க வேண்டியிருந்தது. பவுனுவின் முறிந்த கை கூடி வரும்வரை கதை போயாக வேண்டும். வேதாசலத்திடமோ காகிதம் இல்லை. ஞானஜோதி ஒரு கட்டத்தின் தலையில் சிறிய பெட்டி போட்டு, அதற்குள் 'மூன்று மாதங்களுக்குப் பிறகு' என்று எழுதினாள். எழுதியதும், அழித்துவிடலாமா என்று பார்த்தாள். ஆனால் பக்கம் அழகாக வந்திருந்தது. அதை மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. பேனாவைத் துடைத்துக் கீழே வைத்தாள்.

தலையை நிமிர்த்தியபோது வீட்டு வாசற்படியில் நின்றிருந்தாள். ஜனவரி மாதப் பனி. எட்மண்டின் காதோரம் நரைத்திருந்தது. மெட்டில்டா முற்றத்தில் நடந்துகொண்டிருந்தாள், யார் கையையும் பிடிக்காமல். ஞானஜோதி கையை நீட்டினாள். குழந்தை அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீரிட்டு அழுதுகொண்டு ஓடிப்போய், வீட்டு வேலைக்கு வரும் எல்லம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

 "மூணு மாசம், ஜோதி" என்றான் எட்மண்ட். "தினமும் உனக்கும் சேர்த்து ஒரு தட்டு வச்சேன். ஸ்கூலுக்கு மெடிக்கல் லீவு எழுதிப் போட்டேன். கிறிஸ்மஸ் வந்துச்சு, போச்சு. நீ வருவியா மாட்டியான்னு நான் யாரைக் கேக்கறது?"

"எனக்கு மூணு மாசம் இல்லீங்க. பேனாவைக் கீழ வச்சேன். அவ்வளவுதான்."

"எனக்கு இருந்துச்சு."

அன்றைக்கு அவள் மை புட்டிகளை மூடிப் பரணில் போட்டாள். குழந்தை அவளிடம் ஒட்ட வெகுநாள் ஆயிற்று. சோறு ஊட்டும்போதும் எல்லம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு வருடம் 'பரிசல் பவுனு' வரவில்லை. ஆண்டு மலரின் கடைசிப் பக்கத்தில் பவுனு சுழலுக்கு நடுவே துடுப்பைத் தவறவிட்டிருந்தாள், அப்படியே கிடந்தாள். வேதாசலம் பழையபடி கல்யாணப் பத்திரிகைக்குத் திரும்பினான். ஞானஜோதி பள்ளியில் பூசணிக்காயும் பூந்தொட்டியும் வரையச் சொல்லிக்கொடுத்தாள். நாட்கள் ஒன்று விடாமல் வந்தன. ஆனால் பயம் விடவில்லை. ரயிலில் கண் அயர்ந்து விழித்தால்கூடப் பக்கத்திலிருப்பவரிடம் இன்று என்ன தேதி என்று கேட்பாள்.

1970-ஆம் ஆண்டு ஒரு மாலை, தசரதன் அவளை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினான். அவன் கையில் புத்தம் புதிய 'பரிசல் பவுனு' ஒன்று இருந்தது. அவள் போட்டதல்ல. பட்டணத்தில் ஏதோ ஓர் அச்சகம். அட்டையில் பவுனு கொஞ்சம் குண்டாக, உதட்டுச் சாயத்தோடு இருந்தாள், ஆனாலும் பவுனுதான்.

"நீ உட்டுட்ட. எவனோ எட்த்துக்கினான்" என்றான் தசரதன். "பேரை ரிஜிஸ்தர் பண்ணலியா நீ? இன்னாக்கா நீ, படிச்சவ!"

பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளும் யாரையும் கேட்டதில்லை. ஆனால் அவள் பார்வை அதில் போகவில்லை. பின்னட்டையில் அடுத்த இதழுக்கான விளம்பரம் இருந்தது. அதில் கொட்டை எழுத்தில், 'ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு பவுனு!' என்று போட்டிருந்தது. ஞானஜோதி அந்த வரியை இரண்டு முறை வாசித்தாள். பவுனுவை ஐந்து வருடம் தாண்ட வைக்கப் போகிறார்கள். தாண்டப்போவது யார்?

அடுத்த சில வாரங்கள் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. எட்மண்ட் பட்டணத்து அச்சகத்துக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தான். அவர்கள் அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஞானஜோதி மெட்டில்டாவுக்கு ஐந்து வயதிலிருந்து ஒன்பது வயதுவரை தேவைப்படும் பாவாடை சட்டைகளை அளவு கூட்டிக் கூட்டித் தைத்து டிரங்குப் பெட்டியில் அடுக்கினாள். ஜுரம் வந்தால் என்ன கொடுக்க வேண்டும், எந்தக் காய் அவளுக்கு ஆகாது என்று எட்மண்டிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த இதழ் கடைக்கு வந்த நாளன்று இருவரும் விடுப்பு எடுத்து, குழந்தையை நடுவில் உட்காரவைத்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் வந்தது. பால்காரன் வந்தான். விளக்கு ஏற்றும் நேரமும் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மெட்டில்டா, "கையை விடுங்க, வேர்க்குது" என்றாள்.

மறுநாள் காலை நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். குரோம்பேட்டையிலிருந்து வருவதாகவும், தன் பெயர் அபிதகுஜாம்பாள் என்றும், தசரதன்தான் வழி சொன்னான் என்றும் சொன்னாள். அவள் கணவன் பத்ரிநாராயணன்தான் அந்தப் பட்டணத்து அச்சகத்துக்குப் பவுனுவை வரைந்து கொடுத்தவன். வீட்டில் பலகையின் முன் உட்கார்ந்து, 'ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு' என்று எழுதி முடித்தான். மறுநாள் காபிக்குச் சர்க்கரை போதுமா என்று அவள் திரும்பிக் கேட்டபோது, பலகை இருந்தது, தூரிகை இல்லை, அவனும் இல்லை. அச்சகத்தில் பக்கங்களை மட்டும் வாங்கிக்கொண்டு, ஆளைப் பற்றித் தங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஞானஜோதிக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து உடனே வெட்கமும் வந்தது. வரைகிற கையைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. பவுனு யாருக்குச் சொந்தம் என்று அது பார்ப்பதில்லை. நடந்ததையெல்லாம் அவள் அபிதாவுக்கு எடுத்துச் சொன்னாள்.

"எங்காத்துக்காரர் எப்போ வருவார்?" என்று கேட்டாள் அபிதா.

"அஞ்சு வருஷம் கழிச்சு."

"நீங்கதானே இதை ஆரம்பிச்சேள்? நீங்கதான் கொண்டுவரணும்."

எட்மண்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மா, உங்க வீட்டுக்காரர் திருடினாரு. இவ போட்ட கதையைத் திருடினாரு."

"திருடினவா எல்லாரும் காணாமப் போயிடறாளா?" என்றாள் அபிதா. "அப்படின்னா ஊர்ல யார் மிஞ்சுவா?"

 ஞானஜோதி பரணில் ஏறி மை புட்டிகளை இறக்கினாள்.

அவளுக்குத் தோன்றிய வழி ஒன்றே ஒன்றுதான். தாண்டப்பட்ட ஐந்து வருடத்தையும் வரைந்து நிரப்புவது. விட்டதை இட்டால் ஆள் வருவானோ என்னவோ, அவளுக்குத் தெரியாது, தெரியாமல்தான் செய்தாள். இந்த முறை முதல் காரியமாகப் பெயரைப் பதிவு செய்தார்கள். பட்டணத்து அச்சகம் வரைவதற்கு ஆள் கிடைக்காமல் ஏற்கெனவே ஓய்ந்துபோயிருந்தது. சுழலில் கிடந்த பவுனுவை ஞானஜோதி கரையேற்றினாள். அங்கிருந்து பவுனுவுக்கு ஒவ்வொரு நாளும் விடிந்தது, ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்தது. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே ஒரு மூச்சு விடும் நேரத்துக்கு மேல் விடுவதில்லை என்று ஞானஜோதி முடிவு செய்தாள். அப்படி வரைவது தாண்டி வரைவதைவிடக் கடினம். ஒரு பெண் கதவிலிருந்து அடுப்பு வரை நடப்பதை ஒருவன் சலிக்காமல் பார்க்கும்படி வரைய, அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது. ஈரத்துணி பிழிகிற கைக்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு அட்டைகள் கிழித்திருப்பாள். எட்மண்ட் வேலையிலிருந்து வந்து, குடையை மாட்டிவிட்டு, கட்டங்களுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டான். கருப்பாக வரவேண்டிய இடங்களை மையால் நிரப்பினான். நிரப்பும்போது மூச்சையும் பிடித்துக்கொள்வான்.

ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் பவுனு என்ன செய்வாள்? கடத்தல்காரர்கள் தினமும் வருவதில்லையே. அபிதாவுக்குப் பிள்ளை பிறந்து, உடம்பு தேறியதும், அவளுடைய கையெழுத்து முத்து முத்தாக இருப்பதைப் பார்த்து ஞானஜோதி அவளைக் குமிழிகளுக்குள் எழுத்து எழுத வைத்துக்கொண்டாள். தினமும் அவள் கைக்குழந்தையோடு ரயிலேறித் தாம்பரம் வருவாள். வந்ததும் ஞானஜோதி கேட்பாள்: "இன்னிக்கு என்ன ஆச்சு?" மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதை அபிதா சொல்வாள். ஆள் இல்லாத வீட்டில் என்ன வேலை என்று வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொன்னதை, வந்தால் இங்கேதானே வருவார் என்று தான் அழிச்சாட்டியமாக இருந்துவிட்டதை, பிள்ளைக்குப் பல் முளைத்ததை, கொல்லைப்புறத்தில் ஒரு பூனை குட்டி போட்டதை எல்லாம் சொல்வாள். அதெல்லாம் அந்த வாரம் பவுனுவுக்கு நடக்கும். ஆற்றங்கரைக் குடிசையில் பவுனு மண்ணெண்ணெய் வாங்க நின்றாள். காலி பண்ணச் சொன்னவனைத் துடுப்பை வைத்துக்கொண்டே பார்த்தாள். அவளிடம் யாரோ விட்டுப்போன பிள்ளைக்குப் பல் முளைத்தது.

விற்பனை படுத்துவிட்டது. "மேடம், நாலு பக்கமா அரிசில கல்லு பொறுக்கறா. இதை எவன் வாங்குவான்?" என்றான் வேதாசலம். திரும்பி வந்த கட்டுகள் அவன் அச்சகத்தில் கூரை வரை ஏறின. அந்த ஒரு வருடம் ஞானஜோதிக்கு நல்ல தூக்கம் கிடையாது. நிறுத்தினால் பத்ரி வராமலே போகலாம். நிறுத்தாவிட்டால் வேதாசலம் மெஷினை விற்க வேண்டி வரலாம். தப்பித்தவறி ஒரு கட்டம் அதிகம் தாண்டிவிட்டால், மெட்டில்டா மறுபடியும் எல்லம்மாவைத் தேடி ஓட வேண்டியிருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் முடிப்பதற்கு முன் மகளைக் கூப்பிட்டு, இரண்டு கட்டங்களுக்கு நடுவே எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்பாள். மெட்டில்டா விரலை வைத்துப் பார்த்து, "தும்மற நேரம்" என்றோ, "சடை பின்ற நேரம்" என்றோ சொல்வாள். சடை பின்னும் நேரம் என்றால் அந்தக் கட்டத்தைத் திரும்பப் போட வேண்டும்.

அபிதா கட்டுகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பிள்ளையை எல்லம்மாவிடம் விட்டுவிட்டு, தசரதனோடு போய் நின்றாள். இது பல்லாவரத்துக்குள் முடிகிற புத்தகம் இல்லை, இதைத் தொங்கவிடுகிற இடமே வேறு என்று அவனுக்குச் சொன்னாள். பெண்கள் பெட்டி வந்து நிற்கிற இடத்துக்கு நேராகக் கயிறு கட்ட வைத்தாள். மதுரைக்கும் திருச்சிக்கும் ஏஜெண்டுகளுக்கு எழுதினாள். விற்காததைத் திருப்ப வேண்டியதில்லை, பக்கத்துத் தையல் வகுப்புக்கும் மகளிர் மன்றத்துக்கும் கொடுங்கள் என்றாள். மூன்றாம் வருடம் தொடங்கும்போது தசரதன் மூச்சு வாங்க வந்து நின்றான்.

"யக்கா, லேடீஸ் எல்லாம் உன் புக்கக் கேட்டு பேஜார் பண்ணிக்கினு கீறாங்கோ! ஒர்த்தி கிண்டில எறங்கணும், பட்ச்சிக்கினே பீச்சுக்குப் பூட்டாளாம். ஆபீஸ்ல லீவு போட்டுட்டு அடுத்த புக்கு எப்போன்னு கேக்கறா."

அது உண்மைதான். அந்த இதழ்களைப் படித்தவர்கள் எல்லாருக்கும் நேரம் கொஞ்சம் கூடுதலாக ஆனது. மாம்பலத்தில் இறங்க வேண்டியவர்கள் எழும்பூரில் இறங்கினார்கள். ரயில்வே அதை ஒரு புகாராக எடுத்துக்கொள்ளவில்லை. கூடுதல் தூரத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டது. வேதாசலம் மெஷினை விற்கவில்லை. இரண்டாவதாக ஒன்று வாங்கினான்.

1975-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் பிறந்திருந்தது. கடப்பேரி அச்சகத்தின் பின்னறையில் அபிதா புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானஜோதி பக்கத்தில் பிளாக்குகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரத்து ஸ்டூலில் பத்ரிநாராயணன் உட்கார்ந்திருந்தான். அவன் எப்போது வந்தான் என்று இருவருமே கவனிக்கவில்லை. கையில் தூரிகை இருந்தது. அதன் நுனியிலிருந்து மை சொட்டி வேதாசலத்தின் புதுக் காகிதத்தில் விழுந்தது. அவனுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. அபிதாவுக்கு நரைத்திருந்தது.

"அபி, சர்க்கரை போதும். அந்தக் காபியைக் கொடு" என்றான் பத்ரி.

ஞானஜோதி துடைத்துக்கொண்டிருந்த பிளாக்கைக் கீழே வைத்தாள். அபிதா அழுவாள், அடிப்பாள், மயங்கி விழுவாள் என்று என்னென்னவோ நினைத்தாள். அபிதா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். 

"மத்தியானத்துக்குள்ள இந்தப் பதினாறு பக்க ஃபாரம் மெஷின்ல ஏறணும்" என்றாள். "அடுப்பு அந்தப் பக்கம் இருக்கு. நீங்களே கலந்துக்கோங்கோ. எனக்கும் ஒரு டம்ளர். ஜோதிக்குச் சர்க்கரை வேண்டாம்."

அவன் எழுந்து போய்க் கலந்துகொண்டு வந்தான். வாசலில் ஒரு சிறு பையன் நின்று அவனையே பார்த்தான். அவனும் பையனைப் பார்த்தான். அபிதா ஒன்றும் விளக்கிச் சொல்லவில்லை. அடுக்கி வைத்திருந்த இதழ்களைக் காட்டி, முதல் இதழிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள். பத்ரி இரண்டு நாள் இடம்விட்டு அசையாமல் வாசித்தான். மண்ணெண்ணெய் வரிசையில் ஒரு தடவையும், பிள்ளைக்குப் பல் முளைத்த இதழில் ஒரு தடவையும் எழுந்து வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். வாசித்து முடித்தபின் அவன் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பையனிடம் போய், "பூனை இப்போ எங்கேடா?" என்று மட்டும் கேட்டான். பையன் அவன் விரலைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.

ஞானஜோதி வரைந்ததால் அவன் வந்தானா, ஐந்து வருடம் ஆகிவிட்டதால் வந்தானா என்று கேட்டவர்கள் உண்டு. ஐந்து வருடத்தை விடாமல் வரைய ஐந்து வருடம் ஆகிவிட்டது. ஆகையால் அதை யாராலும் சோதித்துப் பார்க்க முடியவில்லை. வேதாசலம் அவள் வரைந்ததால்தான் என்பான். எட்மண்ட் அதைப் பற்றி யோசிக்க விரும்பவில்லை. ரேஷன் அலுவலகத்தில், அடித்திருந்த பத்ரியின் பெயரைத் திரும்பச் சேர்க்கப் போனபோது, இத்தனை வருடம் எங்கே போயிருந்தார் என்று கேட்டார்கள். "வேலையா இருந்தார்" என்றாள் அபிதா. அலுவலர் அப்படியே எழுதிக்கொண்டார். பத்ரி அச்சகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தான். தாம்பரத்தில் அவனை யாரும் திருடன் என்று சொன்னதில்லை, அவன் வரைந்த பவுனு குண்டாக இருந்தாள் என்று மட்டும் சொல்வார்கள்.

அந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, ஞானஜோதி ஒரு பக்கத்தின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பவுனு ஒரு நோயாளியைப் பரிசலில் ஏற்றியிருந்தாள். அடுத்த கட்டத்தில் அவள் அக்கரையில் இருந்தால்தான் அந்தக் கதைக்கு உயிர் வரும். ஆற்றை விட்டுத்தான் ஆக வேண்டும்.  பாவாடை கட்டிய மெட்டில்டா தோளுக்குப் பின்னால் வந்து நின்று, வழக்கம்போல இரண்டு கட்டங்களுக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தாள்.

"இது சோறு வடிக்கிற நேரம் வரும்மா" என்றாள். "கூட இருந்தாலும் இருக்கும்."

"அப்போ வேணாமா?"

"இதான் நல்லாயிருக்கு. உலையில அரிசி போட்டாச்சு இல்ல? நான் வடிச்சிடறேன். நாளைக்குத்தானே போவ?"

"சில சமயம் உடனே."

"சரி, போயிட்டு வா."

ஞானஜோதி அக்கரையில் பவுனுவின் பாதத்தை வரைந்து முடித்து, பேனாவைத் துடைத்துக் கீழே வைத்தாள். சமையலறையில் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே எட்மண்டும் மெட்டில்டாவும் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவள் தட்டிலும் சோறு போட்டிருந்தது. எட்மண்ட் குழம்பை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் தேதித்தாளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிசைந்து ஒரு வாய் வைத்தாள். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது.